பெட்ஷீட்டுக்கு வலை வீசியவள்

எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அவள் 'உத்தேசம்'. எதைக் கேட்டாலும் "உத்தேசமா சொல்லணும்னா..." என்றுதான் வாயைத் திறப்பாள். திறந்த வாயை மூடுவதற்குள் டீ ஆறிவிடும்.

புள்ளியியல் படித்தவள். படித்து முடித்த கையோடு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததாம். "மனுஷன் எப்ப போவான்னு கணக்குப் போடச் சொல்றாங்க, எனக்கு வேணாம்" என்று உதறிவிட்டு இங்கே வந்தாளாம். இது அவள் தங்கை சொல்லும் கதை. அந்தக் கம்பெனி அவளை எடுக்கவே இல்லை என்பது அவள் புருஷன் சொல்லும் கதை. அவர் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் உத்தேசத்திடம் கணக்கு இருக்கிறது. போனில் "இதோ வந்துட்டேன்" என்பார், ஆளைக் காணோம். ஒரு மழைக்காலம் முழுக்க அவருடைய 'இதோ'க்களைக் கவனித்து, சராசரி 'இதோ' முக்கால் மணி நேரம், டீக்கடை வழியாக வந்தால் கூடக் கால் மணி என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்கேற்றபடிதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். வண்டியில் நோயாளி இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது மனிதர் பறப்பார்.

வந்தவர் எத்தனை, போனவர் எத்தனை, பிறந்தது எத்தனை என்று மாதாமாதம் மேலே அனுப்புவதுதான் அவள் வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டியவள், மழை பெய்து எத்தனை வாரத்தில் காய்ச்சல் கூட்டம் வருகிறது என்று ஒரு மாடல் போட்டாள். மாடல் என்றால் ஒன்றுமில்லை, நிஜத்தைக் கையில் பிடிக்க முடியாதபோது அதைப்போலவே நடக்கிற ஒரு கணக்கைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. "இந்த வருஷம் காய்ச்சல் வார்டுல இன்னும் ஒரு பங்கு கட்டில் போடணும் சார்" என்று பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கே தலைவர் அவர். சிரித்தார். அந்த வருஷம் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அடுத்த வருஷம் அவரே ஆள் அனுப்பி எத்தனை கட்டில் என்று கேட்டார். அன்றிலிருந்து உத்தேசம் ஒரு எண்ணைச் சொன்னால் அது உத்தரவு மாதிரி.

அதுதான் பின்னால் வினையாக வந்தது.

பெட்ஷீட் தட்டுப்பாடு எப்போது தொடங்கியதென்று யாருக்கும் தெரியாது. காலையில் எல்லாக் கட்டிலிலும் வெள்ளை விரிப்பு இருக்கும். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற நோயாளி பழுப்பு நிற ரெக்ஸின் மெத்தையில்தான் படுக்க வேண்டும். வெயில் காலத்தில் முதுகு ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் கேட்கும். ஸ்டோரில் கேட்டால், வாங்கியது ஆறாயிரம் என்றார்கள். லாண்டரி ராக்கைப் பார்த்தால் காற்றாடியது.

லாண்டரிக்குப் பொறுப்பாளரை நாங்கள் 'கறை அண்ணன்' என்போம். ஊர் ரத்தம், மருந்து, வாந்தி எல்லாவற்றையும் வெளுத்து அனுப்புகிற மனிதர், தன் சட்டையில் மட்டும் எப்போதும் ஒரு கறையோடு நிற்பார். தட்டுப்பாடு முற்றியதும் பெரிய டாக்டர் இரண்டு முடிவுக்கு வந்தார். வார்டுகள் கேட்பதில் பாதிதான் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. பெட்ஷீட் வெளியே போகிறது, போவது லாண்டரி வழியாகத்தான் என்பது இன்னொன்று. கறை அண்ணனையும் அவரிடம் இருக்கும் பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துவைக்கிற வேலையை வெளியே கான்ட்ராக்டில் விடப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

உத்தேசத்துக்குப் பொறுக்கவில்லை. கறை அண்ணன் திருட மாட்டார் என்று அவளுக்கு நிச்சயம். "அவருக்குத் திருடத் தெரிஞ்சிருந்தா முதல்ல ஒரு நல்ல சட்டை திருடியிருப்பார்" என்றாள். ஆனால் ஆறாயிரமும் உள்ளே இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? பாதி கட்டிலில் கிடக்கிறது, கொஞ்சம் மெஷினில் சுற்றுகிறது, கொஞ்சம் கொடியில் ஆடுகிறது. எண்ணி முடிப்பதற்குள் எண்ணியதே இடம் மாறிவிடும். ஆஸ்பத்திரியை ஒரு நாள் மூடிவிட்டு எண்ண முடியுமா?

பெரிய டாக்டர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், குளத்துல எத்தனை மீன் இருக்குன்னு பார்க்கத் தண்ணிய இறைப்போமா?"

"என்னம்மா, பெட்ஷீட்டைப் பத்திப் பேச வந்தீங்கன்னு சொன்னாங்க."

"அதைத்தான் சார் பேசறேன். கொஞ்சம் மீனைப் பிடிச்சு, வால்ல ஒரு அடையாளம் போட்டு, திரும்பத் தண்ணியில விட்டுடணும். நல்லா கலந்த பிறகு மறுபடி வலை வீசணும். வலையில பத்து மீனுக்கு ஒண்ணு அடையாளத்தோட இருந்தா, நாம விட்டதைப்போலப் பத்து மடங்கு குளத்துல இருக்குன்னு அர்த்தம். வார்டுதான் குளம், லாண்டரிதான் வலை."

அவருக்குப் பிடித்துவிட்டது. தலையாட்டினார்.

இருநூறு பெட்ஷீட்டின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்து வார்டுகளுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் விட்டு, லாண்டரிக்கு வந்த அழுக்கு மூட்டைகளைப் பிரித்து எண்ணினாள். பத்துக்கு ஒன்று சிவப்பு. மறுபடி எண்ணினாள். அதேதான். அப்படியானால் மொத்தமே இரண்டாயிரம். நாலாயிரம் பெட்ஷீட் மாயம்.

வேறு யாராவதாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். உத்தேசம் வந்த எண்ணை வந்தபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அன்று மத்தியானமே கறை அண்ணனை இடைநீக்கம் செய்து தாள் வந்துவிட்டது. விசாரணை முடிந்ததும் வேலையே போய்விடும்.

அவர் ரெக்கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏம்மா, மீன் கதை சொல்லி என்னையே வலையில போட்டுட்டியே."

"அண்ணே, நான் எண்ணினது சரிதான். ஆனா..."

"சரியா எண்ணினா சரி. எத்தனைன்னு சொல்லிட்ட. நான் எத்தனை மூட்டை தூக்கிட்டுப் போனேன்னும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். "நானும் சாப்பிடலை. சமைச்சாத்தானே" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் லாண்டரிக்கு வந்து, சிவப்பு நூல் பெட்ஷீட்டுகளை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் பரப்பினாள். அழுது புலம்புகிற ஆள் இல்லை. எண்ணியது சரியென்றால், எண்ணுவதற்கு முன்னால் எதையோ தப்பாக நம்பியிருக்கிறோம் என்பது அவள் வாதம். அடையாள மீனும் மற்ற மீனும் ஒரே மாதிரி நீந்த வேண்டும். அப்போதுதான் கணக்கு செல்லும்.

ஒன்றை எடுத்து விரித்தாள். கசங்கல் இல்லை. கறை இல்லை. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"யாரும் படுக்காத பெட்ஷீட் எதுக்கு அழுக்கு மூட்டையில வருது?" என்று லாண்டரிப் பெண்களைக் கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை. நேராகப் போய் ஆண்கள் வார்டு ஆயாவைப் பிடித்தாள்.

"சிவப்பு நூல் போட்டதா? ஐயோ, அதைத் தொடவே மாட்டோம்மா. தொத்து வியாதிக்காரங்க துணியாச்சே."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? சிவப்புல குறி போட்டிருக்கு. பார்த்தாலே தெரியலையா? வந்த உடனே ஒரு குச்சியால தூக்கி அழுக்கு மூட்டையில போட்டுருவேன். எல்லா வார்டுலயும் அப்படித்தான்."

உத்தேசத்துக்குச் சிரிப்பும் வந்தது, தன் மேலேயே எரிச்சலும் வந்தது. அடையாள மீன்கள் மட்டும் தண்ணீரில் இறங்காமல் வலைக்குள்ளேயே துள்ளிக்கொண்டிருந்திருக்கின்றன. அதனால் வலையில் சிவப்பு அதிகம், அதனால் குளம் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. பேனாவை எடுத்தவுடன் தோன்றியிருக்க வேண்டிய விஷயம். நூல் டப்பாவில் சிவப்பு மேலாக இருந்ததென்று அதை எடுத்தாள். ஒரு மனிதரின் பிழைப்பு அந்த நிறத்தில் தொங்கியது.

பெரிய டாக்டரிடம் போனாள்.

"சார், நான் கொடுத்த கணக்கு தப்பு."

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களேம்மா?"

"அதனாலதான் சார் நானே வந்து தப்புங்கறேன். வேற யாராவது சொல்றதுக்காகக் காத்திருக்கலை."

"நாளைக்கு வந்து இதுவும் தப்பும்பீங்க. எதைத்தான் நம்பறது?"

"தப்பு எங்கேன்னு தெரிஞ்ச கணக்கை நம்பலாம் சார். விசாரணையைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இன்னொரு தடவை வலை வீசறேன்."

பழைய காய்ச்சல் கணக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ, தள்ளி வைத்தார்.

இந்த முறையும் இருநூறு பெட்ஷீட்தான், ஆனால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். ஓரம் மடித்துத் தைத்த இடத்தின் உள்பக்கம் ஒரு சின்ன முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும். லாண்டரிப் பெண்கள் இஸ்திரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். எதற்காக என்று வெளியே மூச்சு விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு செய்தி இத்தனை நாள் வெளியே வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கலக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு மூட்டை மூட்டையாகப் பிரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். நாள் முழுக்க நின்றதில் கால் வீங்கிவிட்டது. விரல் நுனி காய்ந்து வெடித்தது. முடிச்சு உள்ளது இருபத்தைந்துக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்றுதான் வந்தது. அப்படியானால் மொத்தம் ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில். கிழிந்து கழிந்ததை விட்டால் எல்லாம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

சரி, எங்கே?

பெண்கள் வார்டின் தலைமை நர்ஸ் வேறு யாருமில்லை, உத்தேசத்தின் தங்கைதான். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் தங்கையின் டூட்டி ரூமில்தான் சாப்பிடுவார்கள். அன்று உத்தேசம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடியே மென்றாள். பொய்க்கூரை அட்டை ஒன்று கர்ப்பிணி வயிறு மாதிரி கீழே தொங்கியது.

"அது ஏன்டி தொங்குது?"

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்."

"மேல இன்னொரு மாடி இருக்கேடி."

தங்கை டப்பாவை மூடினாள். "சாப்பிட வந்தியா, போலீஸ் வேலை பார்க்க வந்தியா?"

"சொல்லிடு."

"சொன்னா என்ன பண்ணுவ? சாயங்காலம் ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தி வர்றா. வெறும் ரெக்ஸின்ல போடச் சொல்றியா? லாண்டரியில நான் இருபது கேட்டா பத்து தர்றாங்க. அதான் நாப்பது கேக்கறேன். மிஞ்சினதை மேல வைக்கறேன். பழசை முதல்ல எடுத்துப்பேன், புதுசை உள்ள தள்ளுவேன், ஒண்ணு கூட மக்கிப் போக விடலை. என் வார்டுல ஒருத்தியும் வெறும் மெத்தையில படுத்ததில்லை. போய்க் கேட்டுப் பார்."

"மத்த வார்டுலயும்...?"

"மத்தவங்க பேச்சு எனக்கெதுக்கு?" என்றாள். எதற்கென்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆண்கள் வார்டில் ஓடாத ஃப்ரிட்ஜுக்குள். குழந்தைகள் வார்டில் பொம்மைப் பெட்டியில், மேலே நாலு கரடி. எலும்பு வார்டில் மாவுக்கட்டுப் பொடி மூட்டைக்குப் பின்னால். எல்லாம் நல்ல பெண்கள். எல்லாரும் தங்கள் நோயாளிக்காகத்தான் பதுக்கினார்கள். குறைவாகக் கிடைக்கிறதென்று பயந்து அதிகம் கேட்டார்கள். அதிகம் கேட்டதால் ராக் காலியானது. ராக் காலியானதும் பாதியாகக் குறைத்தார்கள். குறைத்ததும் பயம் இரட்டிப்பானது.

பெட்ஷீட்டுக்கென்று அவள் போட்டிருந்த மாடலில் கட்டில் இருந்தது, மெஷின் இருந்தது, கொடி இருந்தது. பயத்துக்கு ஓர் இடம் போடவில்லை. அன்று போட்டாள்.

பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோதனை போட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள். கறை அண்ணன் தப்பிப்பார். தங்கை மாட்டுவாள், கூட எல்லாத் தலைமை நர்ஸுகளும். அதைவிட முக்கியம், பயம் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிப்பார்கள். ஆகவே அந்த வழி வேண்டாம் என்று முடிவெடுத்தாள்.

விசாரணை அறையில் பெரிய டாக்டர், ஓரத்தில் கறை அண்ணன், நடுவில் இவள்.

"எல்லா பெட்ஷீட்டும் கட்டடத்துக்குள்ளதான் சார் இருக்கு. திருட்டு இல்லை."

"எந்த வார்டுல?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார். ஆனா தானா திரும்பி வர்றதுக்கு வழி சொல்றேன். வார்டுல எவ்வளவு கேட்டாலும் முழுசா கொடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. புதுக் கட்டடத் திறப்புக்குன்னு ஸ்டோர்ல பூட்டி வச்சிருக்கீங்களே, ஆறாயிரத்துல சேராத அந்தப் புதுக் கட்டுகளையும் அவிழ்த்துக் கொடுங்க."

"தட்டுப்பாட்டுக்கு மருந்து அள்ளிக் கொடுக்கறதா? நல்லாருக்கும்மா."

ராக்கில் நாளுக்கு நாள் எத்தனை இருக்கும் என்று உத்தேசம் பலகையில் ஒரு கோடு போட்டாள். ஆரம்பித்த இடத்திலிருந்து கீழே சரிந்து, அடியில் கொஞ்சம் புரண்டு, பிறகு மேலே ஏறியது. "முதல்ல இன்னும் மோசமாகும் சார். கொடுக்கறது நிலைக்காதுன்னு நினைச்சு இன்னும் அள்ளுவாங்க. நிலைக்குதுன்னு நம்பிக்கை வந்ததும் கேக்கறது குறையும். ஒளிச்சு வைக்கற இடம் ரொம்பினதும் தானா வெளிய வரும்."

"திறப்பு விழாவுக்குள்ள வரலைன்னா?"

"அண்ணனோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க."

கறை அண்ணன் இருமினார். "என்னை அனுப்பறதுக்கே ஒரு தாள் போதும். உனக்கு வேற ஒண்ணு வீணா..." என்று முணுமுணுத்தார்.

ஸ்டோர் பூட்டைத் திறந்தார்கள். முதல் நாளிலேயே புதுக் கட்டு பாதி கரைந்தது. ஃப்ரிட்ஜ் நிறைந்திருக்க வேண்டும், கரடிகள் கூரையைத் தொட்டிருக்க வேண்டும். பலகையில் அவள் போட்ட கோடு எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பவில்லை. இன்னும் கீழே போனது. சொந்தத் தங்கையே ட்ராலியோடு வந்து நின்றாள்.

"நீதான் கொடுக்கச் சொன்னியாமே. எனக்கு ஒரு அம்பது சேர்த்துப் போடு."

"எடுத்துக்கோ."

"நிஜமாவா? திட்ட மாட்டியா?"

"நூறா எடுத்துக்கோ."

தங்கை சந்தேகத்தோடு அக்காவைப் பார்த்துக்கொண்டே நூறு எடுத்துப் போனாள்.

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. "போதும்மா. இன்னைக்கே நிறுத்திடலாம். மிச்சத்தையாவது காப்பாத்திக்கறேன்."

"இப்ப நிறுத்தினா, அவங்க பயந்தது சரின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் சார். அதுக்கப்புறம் எந்தக் கணக்காலயும் அந்தப் பயத்தைப் போக்க முடியாது. கோடு நான் போட்டதைவிட ஆழமா போகுது, ஒத்துக்கறேன். ஆனா திரும்பாம இருக்க முடியாது. ஒளிக்க ஒரு அளவுக்குத்தான் இடம் இருக்கு."

"உங்க பிடிவாதத்துக்கு ஒரு மாடல் போட்டா நல்லாருக்கும்."

"கடைசிக் கட்டு தீர்ற வரைக்கும் கொடுங்க சார்."

கொடுத்தார்கள். கடைசிக் கட்டை அவிழ்த்த காலையில் உத்தேசம் ராக் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வேலை போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னார். அவள் பார்த்த பார்வையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், சவாரி எதுவும் இல்லாமலே.

ஆண்கள் வார்டு ஆயா வெறுங்கையோடு வந்தாள்.

"இன்னைக்கு எத்தனை வேணும்?" என்றாள் உத்தேசம்.

"ஒண்ணும் வேணாம்மா. வைக்க இடமில்லை. எங்க சிஸ்டர் கேக்கச் சொன்னாங்க, கொஞ்சம் திருப்பிக் கொடுத்தா வாங்கிப்பீங்களா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முதல் ட்ராலி ஆண்கள் வார்டிலிருந்து வந்தது. அடுத்து எலும்பு வார்டு. அதைப் பார்த்துக் குழந்தைகள் வார்டு. அவசரத்தில் ஒரு கரடியும் சேர்ந்து வந்துவிட்டது. ஒருவர் கொடுப்பதைப் பார்த்ததும் மற்றவருக்கும் துணிச்சல் வந்தது. இரண்டு நாளில் லாண்டரி வாசலிலிருந்து வராந்தா திருப்பம் வரை ட்ராலிகள். கடைசியாகத் தங்கை வந்தாள், தலையெல்லாம் பொய்க்கூரைத் தூசி.

"மேல இருந்ததெல்லாம் இதுதான். இனி கேட்டா கேட்டது கிடைக்கணும். இல்லேன்னா மறுபடி ஏணி போடுவேன், சொல்லிட்டேன்."

"கிடைக்கும்டி."

பெரிய டாக்டர் வந்து வரிசையைப் பார்த்தார். எந்த ட்ராலி எந்த வார்டென்று கேட்கவில்லை. கறை அண்ணன் மேலிருந்த இடைநீக்கத்தை ரத்து செய்த தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, கான்ட்ராக்ட் பேச்சு இனி இல்லை என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போனார்.

கறை அண்ணன் தாளை நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். லாண்டரிப் பெண்கள் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் ட்ராலிகளை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்தார். வார்டுக்குப் போய்த் திரும்பிய துணி எதுவானாலும் துவைக்காமல் ராக்கில் ஏற்றக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

"ஏம்மா, படுக்காத பெட்ஷீட்டு. நான் ஏற்கெனவே துவைச்சது. நான் ஏற்கெனவே இஸ்திரி போட்டது. இது அத்தனையும் மறுபடி நான் துவைக்கணுமா?"

"ஆமாண்ணே."

"திருடனாவே இருந்திருக்கலாம் போல. வேலை கம்மி" என்றபடி முதல் ட்ராலியைத் தன் பக்கம் இழுத்தார். "அங்க நின்னு என்ன யோசனை? அந்த முனையைப் பிடி."

உத்தேசம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தாள்.